மங்குஸ்தானும் மூலபாடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சின் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "அம்மா, மூலபாடம் சரி, மங்குஸ்தான் எங்கே வந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ் கற்பிப்பவளுக்குப் பழத்தோட்டத்தில் என்ன வேலை? ஆயினும், சாரல் காலத்தில் நம் குற்றாலத்து வீதியோரங்களில் கூறுகட்டி விற்கும் அந்தக் கருஞ்சிவப்புப் பழத்திற்கும், ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் பதிப்பாசிரியர் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதே என் கருத்து. அவ்வுறவை விளக்குவதோடு, இவ்வூர் மண்ணில் நின்றுகொண்டு சொல்லத் தயங்க வேண்டிய ஒன்றையும் இன்று சொல்லிவிட எண்ணுகிறேன். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் பழம். மங்குஸ்தான் நம் மலைக்கு உரியதன்று. மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிச் சரிவிலே கல்லாறு, பர்லியாறு ஆகிய இடங்களிலும், இங்கே குற்றாலத்திலும் பழத்தோட்டங்களில் வேரூன்றியது. பழத்தோட்ட அருவி என்றே ஓர் அருவிக்குப் பெயர் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். இதன் இனத்தார் நமக்குப் புதியவர் அல்லர். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் மீன்குழம்பிலே புளிக்கு மாற்றாக இடுகின்ற குடம்புளி, மங்குஸ்தானுக்குப் பங்காளி. இரண்டும் கார்சினியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குக் கார்சினியா மங்கொஸ்தானா என்று பெயரிட்டார்.

பழத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியிலே சிறு பூவைப் போன்றதொரு தழும்பு இருக்கும். அது சூல்முடியின் எச்சம். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பிள்ளைகளிடம் பந்தயம் கட்டி வெல்வதற்கு ஏற்ற செய்தி இது. இதனினும் வியப்பான செய்தி வேறொன்று. மங்குஸ்தானில் நமக்குக் கிடைப்பவை எல்லாம் பெண் மரங்களே. மகரந்தம் தரும் ஆண் மரத்தைத் தோட்டங்களில் காண்பதில்லை. ஆணின்றியே காய்க்கிறது, ஆணின்றியே விதை உண்டாகிறது. தாயின் திசுவே கருவாக வளர்வதால், அவ்விதை பெயரளவில்தான் விதை. உண்மையில் அது தாய்மரத்தின் படி. விதை உலர்ந்தால் முளைக்காது. எடுத்த கையோடு நட வேண்டும். நட்டபின் காய்க்கப் பத்தாண்டு அளவிலும் காத்திருக்க வேண்டியிருக்கும். அவ்வளவு காத்திருந்து கிடைக்கும் மரமும் தாயின் மறுபடியே.

"படி" என்ற சொல்லைத் தெரிந்தே ஆள்கிறேன். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவதைப் படியெடுத்தல் என்றனர் நம் முன்னோர்.

ஓலையின் ஆயுள் குறைவு. கறையானும் ஈரமும் தின்னும் முன்னர் மற்றோர் ஓலையில் எழுதினால்தான் நூல் பிழைக்கும். எழுதுபவன் மனிதன், பிழை நேரும். ஓலையில் புள்ளி இடுவதில்லை; எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தோன்றா; துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே சொல்லில் தொடங்கினால், கண் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவி, இடையில் உள்ளது விடுபடும். அவ்வாறு ஒருவன் செய்த பிழையை, அவனது ஏட்டைப் பார்த்து எழுதியவன் உண்மை என்று நம்பி எழுதுவான். அவனுக்குப் பின் வந்தவனும் எழுதுவான். இங்ஙனம் பிழை பரம்பரைச் சொத்தாகிறது. பத்து ஏடுகளில் நான்கில் மட்டும் ஒரே அடி விடுபட்டிருக்குமானால், அந்நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று கொள்ளலாம். சரியான பாடம் எல்லா ஏட்டிலும் இருக்கும்; அதனால் உறவு தெரியாது. உறவைக் காட்டுவது பகிர்ந்துகொண்ட பிழையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் லாக்மன் பெயரால் வழங்கிய முறையின் உயிர்நாடி இதுதான்.

அதே நூற்றாண்டின் இறுதியில், 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டினார். பாட வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார். பத்துப்பாட்டு ஏட்டைத் தேடி நம் நெல்லைச் சீமைக்கு வந்து, ஆழ்வார்திருநகரிக் கவிராயர்கள் இல்லங்களில் அவர் பட்ட பாட்டையும் பெற்ற பேற்றையும் 'என் சரித்திரம்' நூலில் நாம் படித்திருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாப் பிழையும் உறவுக்குச் சான்றாகாது. 'கர' என்பதைக் 'கா' என்று படிப்பது எளிதில் நேரும் பிழை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு எழுத்தர்கள், ஒருவர் திருவாவடுதுறையிலும் மற்றவர் யாழ்ப்பாணத்திலும் அமர்ந்து, தனித்தனியே அப்பிழையைச் செய்திருக்கலாம். ஆகவே எளிதில் நேராத பிழைகளையே எண்ண வேண்டும். ஒன்றிரண்டை அல்ல, பலவற்றைச் சேர்த்து எண்ண வேண்டும்.

இப்பொழுது மரத்திற்கு வருவோம். உயிர்களின் அணுவறை ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட ஏடு இருக்கிறது. நம் மொழிக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. அந்த ஏட்டிற்கோ நான்கே எழுத்து: அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின். ஓர் அணுவறை இரண்டாகும்போதெல்லாம் இந்த ஏடு படியெடுக்கப்படுகிறது. எடுப்பது எவ்வளவு திறமையான எழுத்தனாயினும் அரிதாக ஓர் எழுத்து மாறும், ஒன்று விடுபடும், ஒன்று கூடும். அம்மாற்றம் விதைவழி அடுத்த தலைமுறைக்குச் செல்லும். இத்தகைய மாற்றங்கள் உள்ள இடங்களையே மரபணுக் குறிப்பான்கள் என்று அறிவியலார் அழைக்கின்றனர். பாடபேதம் என்று நாம் சொன்னால் அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அவர்கள் விரும்பிக் கையாளும் குறிப்பான் ஒன்று உண்டு. ஏட்டின் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் ஜதிபோல, தகதக தகதக என்று மீண்டும் மீண்டும் வரும். இத்தகைய இடத்தில் படியெடுப்பவனுக்குக் கணக்குத் தவறும். எட்டு முறை வர வேண்டியது ஒன்பதாகும், அல்லது ஏழாகும். ஒரு மரத்தில் எட்டும் பன்னிரண்டும், மற்றொன்றில் ஏழும் ஒன்பதும் என்று வேறுபடும். ஒவ்வோரிடத்திலும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியும் கிடைப்பதால், பிள்ளையிடம் உள்ள எண்களைக் கொண்டு பெற்றோரைத் தேடலாம். 'இம்மரம் அதன் தாயாக இருக்க முடியாது' என்று விலக்குவது எளிது. 'இதுவே தாய்' என்று நாட்டுவதற்குப் பல இடங்கள் ஒத்துவர வேண்டும். தொடர்பில்லாத இரண்டு மரங்களில் தற்செயலாக எட்டு வந்திருக்கலாம். 'கர', 'கா' கதைதான்.

இந்த ஒப்புமை என் கற்பனை அன்று. 1998இல் உயிரியலாரும் ஆங்கில இலக்கிய ஆய்வாளரும் சேர்ந்து, சாசர் இயற்றிய கேன்டர்பரிக் கதைகளின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த 58 கையெழுத்துப் படிகளின் பாடபேதங்களை, உயிரினங்களின் கொடிவழியைக் கணிக்கும் கணினி முறையில் இட்டு, அவற்றின் உறவைக் கண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். சுவடியும் மரமும் ஒரே கணக்கிற்குள் அடங்கின. நம் பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறைக்கும் தாவரவியல் துறைக்கும் இடையில் உள்ள தொலைவு பெரும்பாலும் ஒரு தாழ்வாரம்தான். அதைக் கடப்பவர் அரியர்.

சப்பானியரின் செர்ரிப் பூமரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இளவேனிலில் அந்நாடு முழுதும் வெண்மேகம் இறங்கியதுபோல் ஒருசேரப் பூக்கும் மரம் சோமெய் யோஷினோ. எடோ நகரத்தை அடுத்த சோமெய் என்னும் சிற்றூரின் தோட்டக்காரர்கள் பரப்பியதால் வந்த பெயர் அது. 1912இல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு 3,020 செர்ரி மரங்களை அனுப்பியது. அவற்றுள்ளும் மிகுதி இதுவே. 1995இல் மரபணு ஆய்வு செய்தபோது, வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த சோமெய் யோஷினோ மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் ஒட்டுகள் என்பது தெளிவாயிற்று. எடோஹிகான் என்னும் காட்டுச் செர்ரிக்கும் ஓஷிமாச் செர்ரிக்கும் பிறந்த கலப்பு மரம் ஒன்று. அதன் கிளையை ஒட்டி ஒட்டியே இத்தனை இலட்சம். ஒரே மரமாகையால்தான் ஓர் ஊரில் ஒரே நாளில் பூக்கிறது. கொரியாவின் ஜேஜூத் தீவில் உள்ள அரச செர்ரிதான் இதற்கு மூலம் என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. அவ்வழக்கில் தாவரவியலைவிட நாட்டுப்பற்றே மிகுதி. 2018இல் கொரிய அறிஞர்களே செய்த ஆய்வு, தீவு மரம் தனியாகத் தோன்றிய வேறொரு கலப்பு என்று காட்டியது. 'எங்கள் ஊர்தான் மூலம்' என்னும் ஆசைக்குத் தமிழராகிய நாமும் விலக்கல்லர் என்பதால் இச்செய்தியை எனக்குப் பிடிக்கும்.

மங்குஸ்தானின் பெற்றோர் யாவர்? 1990இல் ரிச்சர்ட்ஸ் என்னும் ஆங்கிலத் தாவரவியலார் ஒரு விடை கூறினார். இலை, பூ, காய் ஆகியவற்றின் உருவத்தை நோக்கினால் இது இரண்டு காட்டினங்களுக்கு இடைப்பட்டதாகத் தோன்றுகிறது. ஒன்று கார்சினியா ஹோம்ப்ரோனியானா. அதன் நிறப்புரிகள் 48. மற்றொன்று கார்சினியா மலாக்கென்சிஸ். அதன் நிறப்புரிகள் 42. கூட்டினால் 90. மங்குஸ்தானில் எண்ணியவையும் 88 முதல் 90 வரை. எவ்வளவு அழகிய கணக்கு! பாடநூல்களில் ஏறியது, ஏறக்குறைய ஒரு தலைமுறைக்காலம் உண்மையாகவே வழங்கியது.

பின்னர் ஏட்டையே படிக்கும் கருவி வந்தது. 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 37 மங்குஸ்தான் மரங்களை 530 இடங்களில் ஒப்பிட்டனர். 26 மரங்களில் ஓர் எழுத்து வேறுபாடும் காணவில்லை. எட்டில் மிகச் சிறு வேறுபாடு. அது படியெடுத்தவன் கைப்பிழை என்று கொள்ளத்தக்கது. எஞ்சிய மூன்றோ ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் வேறுபட்டு நின்றன. அவை வேறொரு மூல ஏட்டின் வழி வந்தவை போலும். 2014இல் நஸ்ரே என்னும் மலேசிய அறிஞர் மரபணுவின் ஒரு பகுதியைப் படித்து, மங்குஸ்தானின் பாடம் மலாக்கென்சிஸோடுதான் ஒத்துச்செல்கிறது, ஹோம்ப்ரோனியானாவின் பாடம் அதில் இல்லை என்றார். அவ்வளவில் 48 கூட்டல் 42 என்னும் அழகிய கணக்கு ஆட்டம் கண்டது.

வழக்கு முடிந்துவிட்டதா என்றால், நான் அவசரப்பட மாட்டேன். அவர் படித்த பகுதி ஏட்டில் பல நூறு முறை திரும்ப வருவது. அத்தகைய பகுதிகள் காலப்போக்கில் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டு ஒரே பாடமாகிவிடும் இயல்புடையவை. இரண்டு ஏடுகளை வைத்துக்கொண்டு எழுதிய ஒருவன், வேறுபட்ட இடங்களில் எல்லாம் ஒன்றின் பாடத்தையே கொண்டு ஒழுங்குபடுத்திவிட்டால், மற்ற ஏடு இருந்த சுவடே நமக்குத் தெரியாது. ஏட்டின் பிற பகுதிகளையும் படித்த பின்னரே இறுதித் தீர்ப்பு. எனினும் கேள்வி இனி உருவ ஒற்றுமையால் தீர்வதன்று என்பது உறுதியாகிவிட்டது.

இனி, தயக்கத்தோடு சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இது ரசிகமணி வாழ்ந்து மறைந்த ஊர். டி.கே.சி. அவர்கள் இல்லாவிடில் கம்பனைச் செவியால் நுகர்வது எப்படி என்பதைத் தமிழ்நாடு மறந்திருக்கும். வட்டத்தொட்டி என்று அவர் கூட்டிய நட்புக் கூட்டத்தின் நிழலில்தான் தென்னாட்டின் இலக்கிய வட்டங்கள் எல்லாம் தழைத்தன, நம்முடையதும் அப்படியே. ஆனால், 'கம்பர் தரும் இராமாயணம்' பதிப்பில் அவர் பல பாடல்களைக் கம்பர் வாக்கு அன்று என்று தள்ளினார்; சொற்களையும் மாற்றினார். எந்த ஏட்டை வைத்து? தம் செவியை வைத்து. இந்தப் பாடல் கம்பன் பாட்டாக ஒலிக்கவில்லை என்பதே சான்று. இடைச்செருகல் இல்லை என்று நான் சொல்லவில்லை, ஏராளமாக உண்டு. ஆயினும் 'அழகாக இல்லை, ஆகவே மூலத்தில் இல்லை' என்பதும், '48ஐயும் 42ஐயும் கூட்டினால் அழகாக இருக்கிறது, ஆகவே அதுவே மூலம்' என்பதும் ஒரே வகையான வாதங்கள். கம்பனும் சில நாட்களில் சுமாராகப் பாடியிருக்கலாமே! ஏடுகளைத் திரட்டிப் பாடபேதங்களோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பதிப்பைப் படிப்பது இன்பமான வேலை அன்று என்பது எனக்குத் தெரியும். மாணவர்களை அதன் பக்கம் திருப்புவதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஆயினும் ஒரு சொல் கம்பனுடையதா என்ற வழக்கு வந்தால், நான் அந்தப் பதிப்பைத்தான் சாட்சிக்கு அழைப்பேன். ரசிகமணியை அழைக்க மாட்டேன். பாட்டைச் சுவைக்க வேண்டுமானால் ரசிகமணியிடம்தான் போவேன்.

(இவ்விடத்தில் அவையில் சிறிது சலசலப்பு எழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, செவியும் ஒரு சான்றுதானே என்றார். அவருக்கு நான் கூறிய விடையையும் இங்கே சேர்க்கிறேன்.)

ஐயா, செவியும் சான்றுதான், மறுக்கவில்லை. பயின்ற கண்ணும் அவ்வாறே. வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் இருவர், இலைக்காம்பின் வடிவம், பூவின் நிறம் முதலிய பதினைந்து அடையாளங்களுக்கு மதிப்பெண் இட்டு, எந்த வாழையில் எந்தக் காட்டு வாழையின் பங்கு எவ்வளவு என்று கூறினர். செவ்வாழை முழுவதும் ஒரு பாட்டனின் வழி. ரசதாளியில் மற்றொரு பாட்டனுக்கு ஒரு பங்கு. மொந்தனில் அவனுக்கே இரண்டு பங்கு. பிற்காலத்து மரபணுக் குறிப்பான்கள் அவர்கள் சொன்னதைப் பெரிதும் உறுதிசெய்தன. ஏன் அது நின்றது, மங்குஸ்தான் கணக்கு ஏன் ஆடியது? அவர்கள் பதினைந்து அடையாளங்களைத் தனித்தனியே எண்ணினர். இன்ன அடையாளத்திற்கு இன்ன மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைத்தனர். யார் எண்ணினாலும் அதே எண் வரும். செவி அப்படித் தன் கணக்கைப் பிறர் சரிபார்க்கத் தந்தால், நான் முதல் ஆளாக வணங்குவேன்.

மங்குஸ்தானை விட்டு, நம் தலமரத்திற்கு வருகிறேன். திருஞானசம்பந்தர் குற்றாலத்திற்கு ஒரு பதிகமும், குறும்பலாவுக்கென்று தனியே ஒரு பதிகமும் பாடினார். ஒரு மரத்திற்கென்று தனிப் பதிகம் பெற்ற பெருமை இவ்வூருக்கு உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரோ குறவஞ்சியில் அந்தப் பலாவின் கொப்புகளை வேதமாகவும், கனியையும் சுளையையும் வித்தையும் சிவலிங்கமாகவும் கண்டார். வித்துவரை ஒரே பொருள் மாறாமல் இறங்கி வருகிறது என்பது பக்தியின் கண்ணுக்கு உண்மை. தாவரவியலில் அது மங்குஸ்தானுக்குப் பொருந்தும், பலாவுக்குப் பொருந்தாது.

பலா நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளை. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறாகப் பூக்கும். பெரும்பாலும் அயல் மரத்து மகரந்தம் வந்து சேரும். ஒரு பழத்தில் நூறு கொட்டை இருந்தால், நூறும் நூறு வேறு பாடங்கள். தாய் ஒன்று, தந்தையர் பலராகலாம். வருக்கையின் கொட்டையில் கூழை முளைக்கும். கூழையின் கொட்டையில் எதிர்பாராத தேன்சுளை வரும். ஆகவே குற்றாலத்திலும் மலையடிவாரத்து ஊர்களிலும் கொல்லைப்புறத்தில் கொட்டை விழுந்து முளைத்த ஒவ்வொரு பலாவும், உலகில் வேறெங்கும் படி இல்லாத தனி ஏடு.

அந்த ஏடுகள் இப்பொழுது வேகமாக அழிகின்றன. வீட்டுமனைக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, மரக்கடைக்கு ஒன்று. அவ்விடத்தில் புதிதாக நடும்போது, விரைவில் காய்க்கும் ஒட்டுக்கன்றுகளில் ஏதேனும் ஒரு வகையைக் கொணர்ந்து நடுகிறோம். ஒட்டுக்கன்றின் மேல் எனக்குப் பகை இல்லை. அச்சுப்புத்தகத்தின் மேல் சுவடி ஆய்வாளருக்குப் பகை இருக்க முடியுமா? அச்சு வந்துவிட்டதே என்று ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள் பாருங்கள், அதைத்தான் அஞ்சுகிறேன். சோமெய் யோஷினோவுக்கு ஒரு நோய் வந்தால் எல்லா மரத்திற்கும் வரும். ஏனெனில் அது ஒரே மரம். மங்குஸ்தானின் நிலையும் ஏறக்குறைய அதுவே. பலாவுக்கு இன்னும் அந்நிலை வரவில்லை. பாடபேதங்கள் இன்னும் கொல்லைகளில் நிற்கின்றன.

எனவே பதினோராம் ஆண்டில் நம் வட்டத்திற்கு ஒரு வேலையை முன்மொழிகிறேன். 2019இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதன் மலையடிவாரத்து ஊர்களில் நிற்கும் பழைய பலாமரங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். மரம் நிற்கும் இடம், நட்டவர் யார், கொட்டை எங்கிருந்து வந்தது, சுளையின் நிறமும் சுவையும், வீட்டார் அதற்கு வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். 'ஆச்சி நட்டது', 'கோயில் கொட்டை' என்று சொல்வார்களே, அந்தச் சொற்களை அப்படியே எழுத வேண்டும். இதைச் செய்யத் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நாட்டுப்பாடல் சேகரித்துப் பழகிய நம் மாணவிகளே போதும். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு இளந்தளிர்களைக் கிள்ளி, புதுச்செருப்புப் பெட்டிக்குள் சிறு பொட்டலமாக வருமே, ஈரம் உறிஞ்சும் அந்தச் சிலிக்கா மணிகளோடு உறையில் இட்டு வைத்தால், எழுத்துக் கெடாமல் நெடுநாள் இருக்கும். அதைப் படிக்கும் ஆய்வகத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

கோயில் பழத்தின் கொட்டையிலிருந்து வந்தது என்று உரிமை பாராட்டும் கொல்லைப் பலாக்கள் எத்தனை, அவற்றுள் உண்மையிலேயே குறும்பலாவின் பிள்ளைகள் எத்தனை என்பதை அப்போது காணலாம். இல்லை என்று வந்தால் அந்த வீட்டார்க்கு மனவருத்தம் உண்டாகும். அதை யார் போய்ச் சொல்வது என்பதைச் செயற்குழு இப்பொழுதே முடிவு செய்துகொள்வது நல்லது. பட்டியலுக்கான படிவம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளரிடம் இருக்கிறது. விருப்பமுள்ளோர் வெளியே செல்லும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.